எண்பத்தைந்து காட்டுகிறது, படம் எங்கே?

அரக்கோணம் ரெயில் சந்திப்பில் ஒரு தடவையாவது நீங்கள் நின்றிருப்பீர்கள். ஒலிபெருக்கி அலறும். அதே நேரத்தில் சரக்கு ரெயில் ஒன்று தடதடவென்று ஓடும். காது நிறையச் சத்தம்! ஆனால் எந்த வண்டி, எந்தப் பிளாட்பாரம் என்பது மட்டும் புரியாது.

"என்னங்க சொன்னாங்க?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்போம்.

"அதைத்தான் நான் உங்களைக் கேட்கலாம்னு இருந்தேன்" என்பார் அவர்.

சத்தம் கேட்பது வேறு. சேதி புரிவது வேறு. இந்தச் சின்ன விஷயம் முன்னமே தெரிந்திருந்தால், என் பெரியம்மாவுக்கு நானூற்றைம்பது ரூபாய் மிச்சமாகி இருக்கும்.

அந்தக் கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு மாடியிலும் ஒரு டிஷ் இருந்தால், இது உங்கள் கதையும்தான்.

கிருத்திகைக்கு இரண்டு நாள்

பெரியம்மா வீடு அரக்கோணத்தில் இருக்கிறது. பெரியப்பா ரெயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு குடும்ப பென்ஷனில் காலம் தள்ளுகிறார் பெரியம்மா. முழங்கால் வலி. ஒரு காலத்தில் ஆண்டு தவறாமல் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறியவர். இப்போது மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு. அரக்கோணத்தில் இருந்து திருத்தணி கூப்பிடு தூரம்தான். ரெயில் ஏறினால் நடுவில் இச்சிபுத்தூர். அதைத் தாண்டினால் திருத்தணி. ஆனாலும் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அந்த அம்மாள் எப்படிப் போவார்?

ஆகவே டெலிவிஷன்தான் அவருக்கு மலை. காவடிகளையும், பூவும் மஞ்சளுமாக நகரும் கூட்டத்தையும் பெட்டியில் பார்த்து, உட்கார்ந்த இடத்தில் இருந்தே "அரோகரா!" சொல்லுவார்.

சில ஆண்டுகளுக்கு முன், கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது படம் நின்று விட்டது. திரை முழுக்க நீலம். "நோ சிக்னல்" என்று ஒரு வரி.

மெக்கானிக் வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். ரிமோட்டை வாங்கி நாலு பொத்தான்களை அழுத்தினார். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. மேல் கோட்டுக்குப் பக்கத்தில் 'ஸ்டிரெங்த்' என்று இருந்தது. அது 85. கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் 'குவாலிட்டி'. அது பூஜ்யம்.

"பாருங்கம்மா! சிக்னல் எண்பத்தஞ்சு வருது. அப்போ டிஷ் சரியா இருக்கு. கேபிளும் சரி. எல்.என்.பி.தான் போச்சு" என்றார்.

எல்.என்.பி. என்பது டிஷ்ஷுக்கு எதிரே, கம்பி நுனியில் நீட்டிக்கொண்டு இருக்கும் சின்னக் குமிழ். அதை மாற்றினார். நானூற்றைம்பது ரூபாய். கோடுகளைப் பார்த்தோம். மேலே 86. கீழே மறுபடியும் பூஜ்யம்!

"அப்போ பாக்ஸ்தான் போயிருக்கு. புதுசு ஆயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார் மெக்கானிக்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஏம்பா, ராஜாளியில ஏரோப்ளேன் ஏறி இறங்குதே, அதனால இருக்குமோ?" என்று கேட்டார். அரக்கோணத்தில் இந்தியக் கப்பற்படையின் 'ராஜாளி' விமானத் தளம் 1992-ம் ஆண்டில் இருந்து இருக்கிறது. தலைக்கு மேல் விமானம் பறப்பது அந்த ஊருக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் விமானம் டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் நடுவே வந்தாலும், கண் இமைக்கும் நேரத்தில் கடந்து போய்விடும். இரண்டு நாளுக்குப் படத்தை நிறுத்தி வைக்க அதனால் முடியாது.

பக்கத்து வீட்டு மாமா

"நாளைக்கு வாங்க, சொல்றேன்" என்று மெக்கானிக்கை அனுப்பினார் பெரியம்மா. பிறகு பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அங்கே இருப்பவர் ரெயில்வே சிக்னல் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மாவை "அக்கா" என்பார். எனக்கு அவர் மாமா.

மாமா வந்து கோடுகளைப் பார்த்தார், சிரித்தார்.

"ஸ்டிரெங்த் எண்பத்தாறா? ரொம்ப நல்லது. எல்.என்.பி. உயிரோட இருக்குன்னு அர்த்தம். பழசும் உயிரோடதான் இருந்திருக்கும். வேற ஒண்ணும் அந்தக் கோடு சொல்லல."

"அப்போ சிக்னல் வருதா, இல்லையா?" என்று கேட்டேன்.

"இரைச்சல் வருது" என்றார் மாமா.

அது என்ன இரைச்சல்? இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

நமக்குப் படம் அனுப்பும் செயற்கைக் கோள், பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,800 கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இருந்து படத்தை அனுப்பும் ஒவ்வொரு ஒலிபரப்புக் கருவியின் சக்தியும் நூறு, நூற்றைம்பது வாட் அளவுதான். பழைய சீலிங் பேன் இரண்டு சுற்றுவதற்கு வேண்டிய சக்தி! அதை நாடு முழுவதும் பரப்பித் தூவுகிறார்கள். உங்கள் மாடியில், இரண்டு அடி அகலத் தட்டில் வந்து விழுவது எவ்வளவு இருக்கும்? சொல்லில் அடங்காத அளவுக்குச் சொற்பம்.

அதனால் எல்.என்.பி. அதை வாங்கி லட்சக்கணக்கான மடங்கு பெருக்கிக் கேபிளில் இறக்குகிறது. பெருக்கும்போது நல்லது கெட்டது பார்ப்பதில்லை. சூடான பூமியும் கட்டடங்களும் வானமும் எழுப்பும் மெல்லிய ரேடியோ இரைச்சல், எல்.என்.பி. தனக்குத்தானே உண்டாக்கும் இரைச்சல், பக்கத்தில் உள்ள வேறு செயற்கைக் கோளின் அலைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கிவிடும்.

'ஸ்டிரெங்த்' கோடு அந்த மொத்தத்தின் எடை. அதாவது, உமியும் கல்லும் பதரும் கலந்த மூட்டையைத் தராசில் வைத்தது மாதிரி! மூட்டை கனமாக இருக்கும். உள்ளே அரிசி எவ்வளவு? தராசுக்குத் தெரியாது.

'குவாலிட்டி' கோடுதான் முறத்தில் புடைத்துப் பார்க்கிறது. நமக்கு வேண்டிய அலையைப் பெட்டி பிடித்துக்கொண்டதா, இரைச்சலுக்கு மேலே அது எவ்வளவு தூரம் தலைதூக்கி நிற்கிறது, எத்தனை பிழைகளோடு வருகிறது என்பவற்றை வைத்துப் போடும் மார்க் அது. பெட்டி அந்த அலையைப் பிடிக்கவே இல்லை என்றால், பூஜ்யம்.

ஸ்டிரெங்த் நிறைய, குவாலிட்டி பூஜ்யம் என்றால் என்ன? பெரும்பாலும் டிஷ் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படி இல்லையேல் பெட்டிக்குள் அலைவரிசை எண்ணையோ, எல்.என்.பி. எண்ணையோ யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

மெக்கானிக் இதற்கு நேர் எதிராக நினைத்தார். "எண்பத்தைந்து வருகிறதே, டிஷ்ஷைத் தொடக்கூடாது" என்றார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஏமாற்றுகிறவர் இன்னும் கொஞ்சம் பேசுவார். இவர் கோட்டை நம்பினார். பெரிய கோட்டை நம்பினார். சின்னக் கோட்டை விட்டுவிட்டார்.

கொடிக்கயிறு

மாமாவும் நானும் மாடிக்குப் போனோம். டிஷ் நின்ற இரும்புக் குழாயில் ஒரு கயிறு கட்டி இருந்தது. மறுமுனை தண்ணீர்த் தொட்டியில். அதில் இரண்டு போர்வைகள் காய்ந்துகொண்டு இருந்தன.

"யார் கட்டினது?" என்றார் மாமா.

கீழே இருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: "நான்தான் கட்டச் சொன்னேன்! ஏன், கட்டக்கூடாதா?"

மாமா பதில் சொல்லவில்லை. குழாயைக் குனிந்து பார்த்தார். டிஷ்ஷைக் குழாயோடு பிடித்திருக்கும் கவ்வி இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் குழாய் பளபளவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் துரு. ஆம்! ஆண்டுக்கணக்கில் கவ்வி மூடியிருந்த இடம் அது. நனைந்த போர்வைகளின் கனத்தில் டிஷ் திரும்பி இருக்கிறது. துருப்பிடிக்காத அந்த இடம் சாட்சி சொல்லியது.

ஒரு விரல் அகலம் என்ன செய்துவிடும் என்று நினைப்பீர்கள். அரக்கோணத்தில் இருந்து பார்த்தால், 93.5 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக் கோள் தென்கிழக்கு வானத்தில், தரையில் இருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. கிட்டத்தட்ட உச்சிக்குப் போகிற வழியில்! (டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தோன்றாது. தட்டின் வளைவு, அலையைச் சாய்வாக வாங்கிக் குமிழுக்குத் திருப்பும்படி செய்யப்பட்டது. அதனால் முகம் ஒரு பக்கம், பார்வை இன்னொரு பக்கம்.) அதற்கு இரண்டே டிகிரி தள்ளி, 91.5 டிகிரியில் வேறு செயற்கைக் கோள்கள் நிற்கின்றன. இரண்டடித் தட்டின் விளிம்பு ஒரு சென்டி மீட்டர் நகர்ந்தால், பார்வை இரண்டு டிகிரி மாறிவிடும். வீடு மாறி நுழைந்த மாதிரிதான்.

மாமா நட்டைத் தளர்த்தினார். கைப்பேசியில் என்னைக் கீழே நிறுத்தினார். கயிறு அவிழ்ந்தது. டிஷ் மயிரிழை நகர்ந்தது.

"வந்துச்சா?"

"இல்லை மாமா."

"மூணு எண்ணு. அவசரப்படாதே."

இது முக்கியம். பெட்டி கணக்குப் போட்டுச் சொல்ல ஒன்றிரண்டு விநாடி ஆகும். சில பெட்டிகளுக்கு இன்னும் அதிகம் ஆகும். டிஷ்ஷை விறுவிறுவென்று திருப்புகிறவர் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். அப்புறம்தான் கோடு ஏறும். அவர் அந்தத் தாண்டிப்போன இடத்திலேயே நட்டை முடுக்குவார்!

மூன்று எண்ணினேன். கீழ்க் கோடு துள்ளியது. 34! பிறகு 61. பிறகு 72. இன்னும் கொஞ்சம் திருப்பினார், 65-க்கு இறங்கியது. "பின்னாடி வாங்க மாமா!" மறுபடியும் 72. நட்டை முடுக்கினார். முடுக்கும்போதே 66 ஆனது. முணுமுணுத்துக்கொண்டு மறுபடி தளர்த்தி, ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி முடுக்கினார். 72.

படம் வந்துவிட்டது. பெரியம்மா கைகூப்பினார். சாமிக்கா, மாமாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

இத்தனைக்கும் மேல் கோடு எவ்வளவு மாறியது தெரியுமா? 86-ல் இருந்து 88. அவ்வளவுதான்!

முத்திரை இல்லாத தராசு

"எழுபத்திரண்டுதானா? நூறு வராதா?" என்றார் பெரியம்மா. பேரப்பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்துப் பழகியவர்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில், அந்த எண்ணின் பிறப்பில் இருக்கிறது.

கடையில் தராசு இருக்கிறது. அரசாங்க அதிகாரி வந்து சோதித்து முத்திரை குத்துகிறார். ஒரு கிலோ என்றால் அரக்கோணத்திலும் ஒரு கிலோ. டில்லியிலும் ஒரு கிலோ. டி.வி. பெட்டியின் கோட்டுக்கு அந்த மாதிரி முத்திரை எதுவும் கிடையாது. 72 என்றால் எதில் 72? பூஜ்யம் எங்கே தொடங்குகிறது? நூறு எங்கே முடிகிறது? பெட்டியைச் செய்தவர் வைத்ததுதான் சட்டம். ஒருவர் பெட்டியில் 50-லேயே படம் கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னொருவர் பெட்டியில் அதே டிஷ், அதே கேபிள், 90 காட்டும். சில மலிவான பெட்டிகள் இருக்கின்றன. கேபிளைக் கழற்றிவிட்டாலும் ஸ்டிரெங்த் கோட்டில் பாதியைக் காட்டிக்கொண்டு நிற்கும்!

அதனால், "எதிர் வீட்டில் 95 காட்டுகிறது, நம் வீட்டில் 72 தான்" என்று ஏங்குவதில் அர்த்தமே இல்லை. அது வேறு பள்ளிக்கூடம், வேறு வாத்தியார், வேறு பரீட்சை.

தொழில் தெரிந்த நிபுணர்கள் இந்தச் சதவீதத்தை நம்பி உட்காருவதில்லை. தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். அலை இரைச்சலுக்கு மேல் எத்தனை டெசிபல் நிற்கிறது, எத்தனை பிழை வருகிறது என்று அது அளந்து சொல்லும். அது முத்திரைத் தராசு. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கோடு அந்த நேரத்தில் பெட்டி கேட்டுக்கொண்டு இருக்கும் ஒரே ஓர் அலைவரிசையைப் பற்றித்தான் பேசுகிறது. செயற்கைக் கோளில் பல அலைவரிசைகள். அலைகள் நின்றவாக்கில் சில, படுத்தவாக்கில் சில வருகின்றன. குமிழ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு இருந்தால், ஒரு வகையில் 80 இருக்கும்; மற்றதில் 40 இருக்கும். "சிக்னல் நன்றாக இருக்கிறது, சில சானல்கள் மட்டும் வரவில்லை" என்று புகார் சொல்கிறோமே, அதற்கு இது ஒரு காரணம்.

படியும் கிணறும்

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. அரக்கோணம் சென்னையில் இருந்து சுமார் 70 கிலோ மீட்டர். டி.வி. வாங்கிய வீடுகளில் உயரமான குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டினார்கள். காக்கை உட்கார்ந்தால் படம் ஆடும். ஒருவர் மாடியில், ஒருவர் ஜன்னலில், ஒருவர் பெட்டிக்கு முன்னால்.

"இப்போ?"

"புள்ளி புள்ளியா இருக்கு!"

"இப்போ?"

"ஆள் ரெண்டா தெரியுறாங்க!"

அந்தக் காலத்தில் படமே அளவுகோல். அலை குறையக் குறைய, படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். திருத்தணி மலையில் இருந்து படிப்படியாக இறங்குகிற மாதிரி. எந்தப் படியில் நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

இப்போதைய டிஜிட்டல் முறை அப்படி அல்ல. படம் எண்களாக வருகிறது. வழியில் சில எண்கள் கெட்டுப் போகும் என்று தெரிந்தே, திருத்திக்கொள்ளத் துணை எண்களும் சேர்த்து அனுப்புகிறார்கள். செயற்கைக் கோள் டி.வி.க்காக 1990-களில் வகுத்த முதல் முறையில், 188 எழுத்து சேதிக்கு 16 எழுத்து துணைக்கு வரும், மொத்தம் 204. அதில் 8 எழுத்து வரை கெட்டாலும், பெட்டி தானே கண்டுபிடித்துச் சரி செய்துவிடும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஒன்பதாவது எழுத்தும் கெட்டால்? திருத்த முடியாது. படம் கட்டம் கட்டமாக உடையும், உறையும், போய்விடும்.

இது படி அல்ல. கிணறு! விளிம்பு வரை சமதரை. அடுத்த அடியில் ஆழம்.

ஆகவே, படம் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும்போது, நாம் கிணற்றில் இருந்து பத்தடி தள்ளி நிற்கிறோமா, விளிம்பில் நிற்கிறோமா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. அதைச் சொல்லத்தான் குவாலிட்டிக் கோடு. நம்பகம் குறைந்த கோடுதான் என்று இவ்வளவு சொன்ன பிறகும், அதை நான் தள்ளிவிடாதது இதனால்தான்.

மழை வந்தால் இது நிச்சயமாகத் தெரியும். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டி மீட்டர் அளவு. மழைத்துளிகள் அந்தச் சின்ன அலையை விழுங்கும், சிதறடிக்கும். கேபிள் டி.வி.காரர்கள் வைத்திருக்கும் ஆளுயரத் தட்டுகளுக்குப் பெரும்பாலும் ஏழரை சென்டி மீட்டர் அளவு அலை வரும். அதை மழை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆடி, ஆவணி மாலைகளில் அரக்கோணம் பக்கம் இடியும் மழையுமாகக் கொட்டுமே, அப்போது கோடுகளைத் திறந்து பாருங்கள். குவாலிட்டி மடமடவென்று இறங்கும். ஸ்டிரெங்த் அந்த அளவுக்கு இறங்காது. மழையும் தன் பங்குக்கு இரைச்சல் போடுகிறது அல்லவா? மூட்டையின் கனம் குறையாதபடி அது பார்த்துக்கொள்ளும்.

சூரியனின் சாட்சி

இன்னும் சந்தேகமா? சூரியனையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் நடுவில் சில நாட்களும், செப்டம்பர் கடைசியில் சில நாட்களும், சூரியன் நம் செயற்கைக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அரக்கோணத்தில், 93.5 டிகிரி செயற்கைக் கோளைப் பார்க்கும் டிஷ்ஷுக்கு, இது காலை 11 மணியை ஒட்டி நடக்கும். வானத்தில் மேகம் இருக்காது. காற்று இருக்காது. ஆனால் சில நிமிடங்களுக்குக் குவாலிட்டி இறங்கும். விளிம்பில் இருக்கும் வீடுகளில் படமே உறையும். சூரியன் வெளிச்சத்தோடு ரேடியோ இரைச்சலையும் கொட்டுகிறது. அது நேராகத் தட்டில் விழுகிறது.

அந்த நேரத்தில் மேல் கோடு என்ன செய்யும்? குறையாது. சொல்லப்போனால் கொஞ்சம் ஏறவும் கூடும்!

படம் போகிறது; ஸ்டிரெங்த் ஏறுகிறது. அந்தக் கோடு எதை அளக்கிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்த நாளில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் சரியாகிவிடும்.

தமிழ்நாடே பார்த்த நாள்

சில சமயம் கோளாறு நம் மாடியிலும் இல்லை. மெக்கானிக்கின் பையிலும் இல்லை. 35,800 கிலோ மீட்டருக்கு மேலே இருக்கும்.

2007-ம் ஆண்டு மார்ச் மாதம் தென் அமெரிக்காவில் உள்ள கூரூ தளத்தில் இருந்து, ஏரியான் ராக்கெட் மூலம் இன்சாட்-4பி செயற்கைக் கோள் ஏவப்பட்டது. அது 93.5 டிகிரியில் நின்றது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் பார்த்துவந்த சன் டைரக்ட் சேவை அதன் வழியாகத்தான் வந்தது. 2010-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, அதன் சூரியப் பலகை ஒன்றில் மின்சாரக் கோளாறு. சக்தி போதவில்லை. அதில் இருந்த 24 ஒலிபரப்புக் கருவிகளில் 12-ஐ நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். டிஷ் நகரவில்லை. கேபிள் அறுபடவில்லை. எல்.என்.பி. உயிரோடு இருக்கிறது. ஆகவே ஸ்டிரெங்த் கோட்டில் கணிசமாக இருக்கும். நிறுத்தப்பட்ட அலைவரிசைகளில் குவாலிட்டி பூஜ்யம். எங்கள் பெரியம்மா வீட்டுத் திரையில் தெரிந்த அதே காட்சி! ஆனால் காரணம் வேறு. நட்டை எந்தப் பக்கம் முடுக்கினாலும் அன்றைக்குப் படம் வந்திருக்காது. சன் டைரக்ட் பிறகு 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3 என்ற மலேசியச் செயற்கைக் கோளுக்கு மாறியது. இரண்டு டிகிரி தள்ளி! வீட்டு மாடிகளில் டிஷ்ஷைத் திருப்ப வேண்டி வந்தது. ஒரு சென்டி மீட்டர் அளவுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும்.

ஆகையால், படம் போனதும் முதலில் நட்டைத் தேடாதீர்கள். எதிர் வீட்டில் அதே கம்பெனி டிஷ் இருந்தால், "உங்களுக்கு வருதா?" என்று கேளுங்கள். அவர்களுக்கும் வரவில்லை என்றால் மழையோ, சூரியனோ, மேலே உள்ள கோளாறோ இருக்கலாம். காத்திருப்பதுதான் வழி. அவர்களுக்கு வந்தால், கோடுகளைப் பாருங்கள். இரண்டுமே பூஜ்யம் என்றால் கேபிளையும், திருகு முனைகளையும், எல்.என்.பி.யையும் சந்தேகப்படலாம், மழைத் தண்ணீர் முனைக்குள் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மேலே நிறைய, கீழே பூஜ்யம் என்றால் டிஷ்ஷின் பார்வை. இரண்டுமே நன்றாக இருந்து படம் மட்டும் இல்லை என்றால்? மாடிக்கே போக வேண்டாம். பணம் கட்டிய தேதியைப் பாருங்கள்! மேல் கோட்டை மட்டும் காட்டி எதையாவது மாற்றச் சொன்னால், கீழ்க் கோட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

நூறு காட்டுகிற பெட்டியிலும் ஒரு சூது உண்டு. சில பெட்டிகள் நல்ல அலை வந்தவுடனேயே நூறைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று சொல்லாது. இரண்டடி டிஷ்ஷும் நூறு காட்டும். மூன்றடி டிஷ்ஷும் நூறு காட்டும். பெருமழை வந்தால் சின்னதுதான் முதலில் விழும்.

சுவரில் ஓர் எண்

இவ்வளவையும் மாமா பெரியம்மாவிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தார். மறுநாள் காலை, வானம் வெளுத்திருந்தபோது, பெரியம்மா வழக்கமாகப் பார்க்கும் சானலை வைத்துக் கோட்டைத் திறந்தார். 72. சமையலறையில் இருந்து ஒரு கரித்துண்டை வாங்கி, பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் 72 என்று எழுதினார்.

"அக்கா, ஊருல யாருக்கு எவ்வளவுன்னு பார்க்காதீங்க. நம்ம பாக்ஸுக்கு நல்ல நாள்ல இவ்வளவு. இதே சானல்ல இது குறைஞ்சா, முதல்ல வானத்தைப் பாருங்க. மழை இல்லைன்னா மாடியைப் பாருங்க."

பழைய எல்.என்.பி.யை மெக்கானிக் எடுத்துப் போகாமல் விட்டிருந்தார். மாமா அதைப் பொருத்திப் பார்த்தார். அதிலும் 72 தான். நானூற்றைம்பது ரூபாய் போனது போனதுதான். மெக்கானிக் மறுநாள் புதுப் பெட்டியோடு வந்தார். ஓடுகிற படத்தைப் பார்த்தார். "எப்படிம்மா?" என்றார். மாமா அவரை மாடிக்கு அழைத்துப்போய்த் துருவில்லாத இடத்தைக் காட்டினார். பையன் ரொம்ப நேரம் பார்த்தான். இறங்கி வந்து காபி குடித்துவிட்டுப் போனான். பணம் திரும்பி வரவில்லை, பெரியம்மாவும் கேட்கவில்லை.

கிருத்திகையன்று மாலை நாலு மணிக்கு இடி இடித்தது. காவடிக் கூட்டம் திரையில் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தது. எனக்குத் திக்கென்றது. பெரியம்மா அசையவில்லை. ரிமோட்டை எடுத்து, மாமா சொல்லிக்கொடுத்தபடி பொத்தானை அழுத்தினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கீழ்க் கோட்டைப் படித்தார்.

"இருபத்தெட்டு. மழைதாம்பா. விட்டா வந்துடும்" என்றவர், ஜன்னல் வழியே மாடிப்பக்கம் எட்டிப் பார்த்து, "கொடியில துணி இருக்கா பாரு, நனையப் போகுது" என்றார்.

இப்போது கொடிக்கயிறு வேப்பமரத்தில் இருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது.